காக்காச்சிக்கு எண்பது தொண்டர்கள்

செல்லக்கிளிக்கு உதவி தேவைப்பட்டது உண்மை. அதை அவள் ஏறுமுகம் மெட்ரிகுலேஷன் பள்ளியிடம் கேட்கவில்லை என்பதும் உண்மை. அந்தப் பள்ளி அவளுக்குச் செய்த நன்மை அத்தனையும் இந்த இரண்டு உண்மைக்கும் நடுவே கிடந்த சந்து வழியாக உள்ளே வந்ததுதான்.

அவள் மாஞ்சோலையில் பிறந்து, அங்கேயே தேயிலைக் கொழுந்து பறித்து, புருஷன் சுடலைமணியையும் அங்கேயே மண்ணுக்குக் கொடுத்தவள். பிள்ளை குட்டி கிடையாது. கம்பெனியின் குத்தகை முடிந்து எஸ்டேட்டுச் சனங்கள் எல்லோரும் மலையை விட்டு இறங்க வேண்டியதாகிப்போன சமயத்தில் அவளும் ஒரு பீரோ, ரெண்டு அண்டா, ஒரு நாய் என்று இறங்கி, விக்கிரமசிங்கபுரத்தில் பல குடித்தனங்கள் இருந்த ஒரு வளவுக்குள் ஒற்றை அறை பிடித்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் ஓட்டலில் மாவாட்டவும் பாத்திரம் தேய்க்கவும் வேலை கிடைத்தது.

நாயின் பெயர் காக்காச்சி. மாஞ்சோலைக்கு மேலே அப்படி ஓர் இடம் உண்டு. மழையில் விறைத்துக் கிடந்த குட்டியைச் சுடலைமணி அங்கேயிருந்துதான் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தார். இடத்தின் பேரே நாய்க்கும் நிலைத்துவிட்டது. மலையில் இருந்தமட்டும் அது கயிற்றைக் கண்டதில்லை. கீழே வந்தபிறகு, செல்லக்கிளி வேலைக்குப் போய்த் திரும்பும்வரை ஜன்னல் கம்பியில் கட்டிக் கிடந்தது. பக்கத்து நூல் மில்லில் சங்கு ஊதும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து ஊளையிட்டது. சங்கு ஓய்ந்த பிறகும் அது ஓயாது.

வளவுக்குச் சொந்தக்காரியான வடிவம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் மத்தியானம் தூங்கியாக வேண்டியவள்.

“ஏளா, ஒண்ணு நாயை எங்கயாவது அனுப்பு. இல்லன்னா நாயோட நீயும் வேற எடம் பாரு,” என்று சொல்லிவிட்டாள்.

அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை தேன்மொழி கேட்டுக்கொண்டிருந்தாள். ஏறுமுகம் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறவள். மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அவளும் அவளுடைய வகுப்புக்காரன் சல்மான் ஃபாரிஸும் வந்து, நாயை அவிழ்த்துக் கால்வாய்க்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். இருட்டுவதற்குள் மூன்று உருப்படியும் சேறும் சகதியுமாகத் திரும்பின. காக்காச்சி தண்ணீரைக் குடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் விழுந்ததுதான், அடுத்த நாள் சங்கு ஊதியபோது ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. வடிவம்மாள் நன்றாகத் தூங்கினாள்.

பிள்ளைகள் தினமும் வந்தார்கள். யாரும் வரச்சொல்லவில்லை. நாளாக ஆக அவர்களுக்கு வேறு சோலியும் சேர்ந்தது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மையப்பன் பிள்ளைக்கு முட்டுவலி. அவருடைய பூனை கூரையில் ஏறிக்கொண்டால் இறக்கிக் கொடுப்பார்கள். அடுத்த தெருக்காரருடைய ஆடு கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டால் பத்திக்கொண்டு வருவார்கள். 

எல்லாம் நன்றாக நடந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. அம்மையப்பன் பிள்ளை சந்தோஷம் தாங்காமல் பூனையும் நாயும் பிள்ளைகளுமாக ஒரு படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அது நாலு குழு தாண்டி ஏறுமுகம் பள்ளியின் தாளாளர் மகேஸ்வரனிடம் போய்ச் சேர்ந்தது.

மகேஸ்வரனின் முன்னோருக்கு ஆற்றின் இரண்டு கரையிலும் நிலம் இருந்தது. அவருக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்த வட்டாரத்தில் தான் குத்துவிளக்கு ஏற்றாமல் ஒரு நல்ல காரியம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதை அவரால் சகித்துக்கொள்ள முடிவதில்லை. 

அடுத்த நாள் சாயங்காலம் தேன்மொழியும் ஃபாரிஸும் வளவு வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வரவில்லை.

“அத்தை, நாளையிலேர்ந்து நாங்க வர முடியாது,” என்றாள் தேன்மொழி.

“ஏம் மக்கா, பரீட்சையா?”

“இல்ல. எங்க சேவையைத் தொடங்கி வைக்கப் போறாவளாம்.”

“அதான் தொடங்கிட்டீங்களே.”

“அது செல்லாதாம். விழா வச்சுத் தொடங்குறவரைக்கும் செய்யக்கூடாதாம்.”

ஃபாரிஸ் நாயைப் பார்த்தான். நாய் கால்வாய்ப் பக்கம் பார்த்தது. இரண்டு பேரும் பைய நடந்து போய்விட்டார்கள்.

அந்த வாரத்திலேயே மகேஸ்வரன் காரில் வந்து இறங்கினார். கூடவே பொறுப்பாசிரியை சுகன்யா மிஸ், கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு. செல்லக்கிளி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“நீங்கதான் பயனாளியா?” என்று கேட்டார் தாளாளர்.

“இல்லைங்கய்யா, நான் செல்லக்கிளி.”

அவர் சுகன்யா மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ், “அவங்கதான் சார்,” என்றாள்.

“அம்மா, இனிமேல் உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. உங்கள் நாயைப் பள்ளி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜீவகாருண்ய மாணவர் படை என்று ஓர் அமைப்பைத் தொடங்குகிறோம். இதுவரை ரெண்டு பிள்ளைகள் வந்து ஏதோ செய்திருக்கிறார்கள். பிள்ளைத்தனம். அதற்கு ஒரு பெயர் இல்லை, ஒரு சின்னம் இல்லை, ஒரு தலைவர் இல்லை. யோசித்துப் பாருங்கள், அன்று அந்த நாய் கால்வாயில் விழுந்திருந்தால் யார் பொறுப்பு?”

“அது தெனமும் கால்வாயில விழத்தான் செய்யும். குளிக்கும்.”

“அதைத்தான் சொல்கிறேன்,” என்றார் தாளாளர்.

பிறகு சுகன்யா மிஸ் நாயைப் பதிவு செய்ய உட்கார்ந்தாள். இதற்கென்று தனிப் படிவம் பள்ளியில் கிடையாது. இருந்தது மாணவர் சேர்க்கைப் படிவம் ஒன்றுதான். தாளாளர் பக்கத்திலேயே நின்றதால் அவளால் ஒரு கட்டத்தையும் தாண்டிப் போக முடியவில்லை.

“தகப்பனார் தொழில்?” என்று நாயைப் பார்த்தபடி கேட்டாள்.

செல்லக்கிளி கொஞ்சம் யோசித்து, “காவலாத்தான் இருந்திருக்கும்,” என்றாள்.

“முன்பு படித்த பள்ளி… மாஞ்சோலைன்னு போட்டுக்கிடுதேன். மதம்?”

“கோயில் கொடையில கெடா வெட்டுனா அதும் திங்கும், ஃபாரிஸ் வீட்டு நோம்புக்கஞ்சியும் குடிக்கும். ஒங்களுக்கு எது தோதோ அதை எழுதிக்கிடுங்க மிஸ்.”

சுகன்யா மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. தாளாளர் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டாள். ‘பேருந்து வசதி தேவையா’ என்ற கட்டத்தில் தாளாளரே குறுக்கிட்டு, தேவையில்லை என்று எழுதச் சொன்னார்.

தொடக்க விழாவுக்கு ஒரு தேதி குறித்தார்கள். சிறப்பு விருந்தினருக்கு அன்றைக்கு ஒரு வளைகாப்பு இருந்தது. வேறு தேதி குறித்தார்கள். அன்றைக்கு அவரே மனம் மாறி ஊருக்குப் போய்விட்டார். மூன்றாவது தேதி அமாவாசையாக இருந்ததால் தாளாளர் வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாளும் காக்காச்சி ஜன்னல் கம்பியில் கிடந்து ஊளையிட்டது. ஓடிப் பழகிய பிறகு கட்டிப்போட்டால் முன்னைவிட மோசம். கயிற்றைக் கடித்தது, கதவைப் பிறாண்டியது. வடிவம்மாள் அந்த அறைக்கு வேறு ஆள் பார்க்க ஆரம்பித்தாள்.

செல்லக்கிளி ஓட்டலில் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

“ஐயா, விழா எப்ப வேணும்னாலும் நடக்கட்டும். அந்த ரெண்டு பிள்ளேளையும் சாயங்காலம் நாயை அவுத்துவிட மட்டும் அனுப்புங்க. வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லுதாவ. நான் இதைக் கூட்டிக்கிட்டு எங்கன போவேன்?”

மகேஸ்வரன் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் மிகவும் அன்பாகப் பேசினார்.

“அம்மா, உங்கள் அவசரம் புரிகிறது. ஏழைகளுக்கு எப்போதும் அவசரம்தான். ஆனால் நாங்கள் ஒரு நிறுவனம். தொடக்க விழா இல்லாமல் காட்டுகிற அன்பு எங்கே போய் முடியும், சொல்லுங்கள்? யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் உதவி செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் எங்களைப் போன்றவர்கள் எதற்கு?”

செல்லக்கிளி கும்பிட்டுவிட்டு வந்தாள்.

கடைசியில் விழா நடந்தது. காக்காச்சியை முந்தின நாளே பள்ளிக்குக் கொண்டுபோய் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, கழுத்தில் சம்பங்கி மாலை போட்டு மேடையில் ஒரு நாற்காலியில் ஏற்றினார்கள். பின்னால் பெரிய பேனர் கட்டியிருந்தது. ‘காக்காச்சியைக் காப்போம்’ என்று எழுதி, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு காக்கா படம் போட்டிருந்தார்கள். அச்சடித்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரிடம் பேரை மட்டும் சொல்லியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் பேனரை நம்பி, காகங்கள் நம் முன்னோர் என்பது பற்றி நெடுநேரம் பேசினார். அவர் பேசப் பேச நாய் மாலையில் பாதியைத் தின்றுவிட்டது.

அப்புறம் மகேஸ்வரன் எழுந்தார்.

“எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து கருணை கட்டாயம்,” என்று தொடங்கினார். “சென்ற ஆண்டு நாங்கள் ஆற்றங்கரையில் மரம் நட்டோம். அந்த மரங்கள் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். ஆண்டு மலரில் இருக்கின்றன, வண்ணப்படமாக. அதற்கு முந்தைய ஆண்டு முதியோரை நேசித்தோம். முதியோர் இல்லத்தில் பாதிப் பேர் அந்தச் சமயத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இருந்தாலும் நேசித்தோம். இந்த ஆண்டு விலங்கு. இதோ இந்த ஜீவனைப் பாருங்கள். மலையில் வீட்டை இழந்து வந்த ஜீவன். இதன் துயரை நினைத்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.”

செல்லக்கிளி கீழே ‘பயனாளிகள்’ என்று தாள் ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மலையில் வீட்டை இழந்தது நாய் மட்டும்தானா என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

எண்பது பிள்ளைகள் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். எண்பது பேருக்கும் தொப்பி, அடையாள அட்டை, பாதம் வரைந்த பச்சைச் சட்டை. அந்த எண்பதில் தேன்மொழியும் ஃபாரிஸும் உண்டு, ஆனால் மேடையில் இல்லை. மேடைக்கு இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவர்களை மட்டும் எடுத்திருந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

விழா முடிந்ததும் சேவை தொடங்கியது. தொண்டர்கள் எண்பது பேர் இருந்தார்கள். விலங்குதான் பற்றவில்லை. அம்மையப்பன் பிள்ளையின் பூனை முதல் நாளே ஒரு தொண்டனின் கன்னத்தைக் கீறிவிட்டது. அதை ‘ஒத்துழையாமை’ என்ற காரணத்தால் பயனாளிப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆடு ஓர் அடையாள அட்டையைக் கயிற்றோடு தின்றது. ஆட்டுக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு வந்து, “ஏலே, இனி எவனாவது எங்க ஆட்டுக்கு உதவி செய்யுதேன்னு வந்தீய, காலை ஒடிச்சிருவேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்சம் இருந்தது காக்காச்சி ஒன்றுதான்.

ஒவ்வொரு தொண்டரும் நாய்க்கு உணவூட்டும் படம் ஒன்று, நாயை நடத்திச் செல்லும் படம் ஒன்று, நாயின் கண்ணில் நன்றி தெரியும் படம் ஒன்று கொடுத்தால்தான் மதிப்பெண். ஆகவே சாயங்காலம் ஆனால் வளவு வாசலில் கார்கள் வந்து நின்றன. அம்பாசமுத்திரத்திலிருந்தெல்லாம் தாய்மார்கள் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பவுடர் போட்டுக் கூட்டிவந்தார்கள். ஒருத்தி, படத்தில் இடிந்த சுவர் தெரியாமல் நாயைத் தள்ளி நிறுத்தச் சொன்னாள். அடுத்தவள், சுவர் தெரிந்தால்தான் சேவை மாதிரி இருக்கும் என்று திரும்ப இழுத்து நிறுத்தச் சொன்னாள். ஒரு குழு நாயைத் தெருமுனைவரை நடத்திப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த குழுவிடம் கயிற்றைக் கொடுக்கும். அது திரும்ப வளவுக்கு நடத்தும். இப்படியாகக் காக்காச்சி சாயங்காலம் முழுக்க நடந்தது, ஒருநாளும் கால்வாயைப் போய்ச் சேரவில்லை.

தின்னக் கொடுத்ததுதான் கொடுமை. கிரீம் பிஸ்கட், கேக், சாக்லேட். ஒரு பையனுக்குப் பிறந்தநாள் என்று ஜிலேபி. செல்லக்கிளி அங்கே இருந்தால் தடுப்பாள். அவள் ஓட்டலில் இருந்தாள்.

“ஒங்க ரெண்டு பேருக்கும் எப்ப மக்கா மொறை வரும்?” என்று தேன்மொழியிடம் கேட்டாள்.

“பேர் வரிசைப்படி அத்தை. எங்களுக்கு அடுத்த மாசம்.”

அடுத்த மாசம்வரை நாய் தாங்கவில்லை. ஒருநாள் விடிந்தபோது அது கட்டிலுக்கு அடியில் வாயில் நுரையோடு கிடந்தது. அறை முழுக்க வாந்தி. கூப்பிட்டால் வாலை மட்டும் அசைக்கப் பார்த்தது, அதுவும் முடியவில்லை. ஆட்டோக்காரர் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, சீட்டு நாறிப்போகும் என்று போய்விட்டார்கள். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்குச் செல்லக்கிளி தலையைக்கூட அள்ளி முடியாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

வாசலுக்கு உள்ளே ஒரு வேன் நின்றது. பழைய பள்ளி வேன்தான். புதுசாக வெள்ளையடித்து, ‘விலங்குகள் அவசர ஊர்தி’ என்று எழுதி, மேலே சிவப்பு விளக்கும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

மகேஸ்வரன் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டார்.

“அடடா,” என்றார். “ஆனால் இந்த ஊர்தி இன்னும் கொடியசைக்கப்படவில்லையே அம்மா.”

“என்னங்கய்யா?”

“கொடியசைத்தால்தான் அது அவசர ஊர்தி. கொடியசைக்காமல் நகர்ந்தால் அது வெறும் வேன். வெறும் வேனில் நாயை ஏற்றிப் போனால் பள்ளிக்கு என்ன மரியாதை? இன்னொன்று, நோயுற்ற விலங்குகள் இரண்டாம் கட்டத்தில்தான் வருகின்றன. இப்போது நடப்பது முதல் கட்டம். ஆரோக்கியமான விலங்குகளுக்கு உதவுவது.”

“ஆரோக்கியமா இருக்கதுக்கு எதுக்குங்கய்யா ஒதவி?”

“படத்துக்கு அதுதான் நன்றாக இருக்கும்,” என்றார் தாளாளர், ஒளிவுமறைவில்லாமல்.

சுகன்யா மிஸ் தூணுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

செல்லக்கிளி வெயிலில் நின்றாள். அழுகைகூட வரவில்லை. மலையில் சுடலைமணிக்கு நெஞ்சுவலி வந்தபோதும் இப்படித்தான் கீழே போகிற பஸ்ஸுக்காக நின்றாள். பஸ் வந்தபோது ஏற்ற அவர் உயிரோடு இல்லை. இந்தத் தடவை நிற்கப் போவதில்லை என்று மட்டும் தோன்றியது. திரும்பி நடந்தாள். நாயைத் தூக்கிக்கொண்டே அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று நினைத்தாள்.

அவள் வளவுக்கு வந்து நாயைச் சேலையில் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் லோடு ஆட்டோ சத்தம் கேட்டது. ஃபாரிஸின் வாப்பா ஓட்டி வந்தார். பின்னால் வாழைத்தாருக்குப் பக்கத்தில் தேன்மொழியும் ஃபாரிஸும் சீருடையோடு உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தவர்கள், ஒண்ணுக்கு விட்ட நேரத்தில் சுவரேறிக் குதித்துப் போய் அவரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

“தலைமாட்டைப் பிடிங்க அத்தை,” என்றான் ஃபாரிஸ். “நான் காலைப் பிடிக்கேன்.”

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாயின் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“என்ன போட்டீங்க இதுக்கு?”

“நான் ஒண்ணும் போடல டாக்டர். எம்பது பேர் போட்டாவ.”

“எம்பது பேரா? எதுக்கு?”

“மார்க்குக்கு.”

டாக்டரம்மா நிமிர்ந்து இவர்கள் மூன்று பேரையும் பார்த்தார். ஊசி போட்டு, குளுகோஸ் ஏற்றினார். பாட்டிலை மாட்டக் கம்பி இல்லாததால் தேன்மொழி கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை வலித்தபோது ஃபாரிஸ் மாற்றிக்கொண்டான். சாயங்காலம் காக்காச்சி தலையைத் தூக்கித் தேன்மொழியின் காலுறையை மோந்து பார்த்தது. அப்போதுதான் செல்லக்கிளி அழுதாள்.

“கூட்டம் சேரவிடாதீங்க. கஞ்சியும் தண்ணியும் மட்டும் குடுங்க. தெம்பு வந்ததும் நல்லா ஓட விடுங்க,” என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

மறுநாள் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகளையும் முன்னால் நிறுத்தி, முன் அனுமதியின்றி விலங்குக்கு உதவிய குற்றத்துக்காக ஜீவகாருண்ய மாணவர் படையிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள். தொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதைக் கழற்றி வாங்கியவர் தாளாளரே.

“இன்று நாய்க்கு உதவுகிறவன் நாளை யாருக்கு உதவுவான் என்று நமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். “கருணையில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.”

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வளவுக்குள் நேராக வந்தார்கள்.

“இனிமே தெனமும் வரலாம் அத்தை,” என்றாள் தேன்மொழி. “எங்களை நீக்கிட்டாவ.”

வீட்டில் அவளுக்கு அடி விழுந்திருந்தது கன்னத்தில் தெரிந்தது. செல்லக்கிளி அதைத் தடவிக் கொடுத்தாள். சுவரேறிக் குதித்தது தப்பு என்று சொல்லவேண்டும் என்று நினைத்தாள். அதற்குப் பதில் ஓட்டலிலிருந்து கொண்டுவந்திருந்த உளுந்தவடையை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். காக்காச்சிக்குக் கொடுக்கவில்லை. அது மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கஞ்சியை நக்கியது.

அத்தோடு போயிருக்கும். ஆனால் தென்மண்டலக் கருணைக் கல்விக் கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது. அது வருஷத்துக்கு ஒரு தாளாளருக்குக் கருணைச் செம்மல் பட்டம் கொடுக்கும். இந்த வருஷம் மகேஸ்வரனுக்கு என்று முடிவாகியிருந்தது. கூட்டமைப்பின் தலைவர் அவருடைய சகலைதான் என்றாலும், பயனாளியையும் விலங்கையும் நேரில் மேடையேற்ற வேண்டும் என்பது விதி. மகேஸ்வரன் மறுபடி காரில் வந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை விழா. நாயையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பேச வேண்டியதை மிஸ் எழுதித் தருவார்.”

“நாய்க்கு இன்னும் தேறலைங்கய்யா. கூட்டம் ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ.”

“பத்து நிமிஷம்தான். என்னை நன்றியோடு பார்த்தால் போதும்.”

“அது ஒங்களைப் பாக்காதுங்கய்யா.”

தாளாளர் வருத்தப்பட்டார். இந்தக் காலத்தில் நன்றி எங்கே இருக்கிறது, நாயிடம் இருக்கும் என்றார்கள், இங்கே அதுவும் போய்விட்டது என்றார். வடிவம்மாளைக் கூப்பிட்டு, இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் வீடு கொடுத்திருக்கிறீர்களே என்று ஜாடையாகச் சொன்னார். வடிவம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “அவ மாவாட்டிப் பொழைக்குதா. நாயும் இப்ப சத்தம் போடுதில்ல. ஒங்க காரு வந்து வந்து நின்னுதான் எனக்குத் தூக்கம் கெடுது,” என்றாள்.

செல்லக்கிளி தன் வாழ்நாளில் பெரிய மனுஷர் ஒருவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மகேஸ்வரன்கூட நிதானமாகத்தான் காரில் ஏறினார்.

“பரவாயில்லை. நீங்கள் வராவிட்டாலும் உங்களை மேடையேற்றத்தான் போகிறேன்,” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளங்கியது. விழாவுக்கு டிபனும் காபியும் அவள் வேலைபார்த்த ஓட்டலில்தான் சொல்லியிருந்தார்கள். காபி ஊற்ற முதலாளி அவளை அனுப்பினார். நாயைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, அவள் பள்ளி மைதானத்தில் பந்தலின் கடைசியில் காபி டிரம்முக்குப் பக்கத்தில் நின்றாள்.

“இப்போது நம் பயனாளி செல்லக்கிளி அம்மையார்,” என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அவள் திடுக்கிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குள் மேடையில் செல்லக்கிளி ஏறிவிட்டாள்.

பள்ளியின் நடன ஆசிரியையாம், பாளையங்கோட்டைக்காரி. காலண்டரில் வருகிற மாதிரி முதுகில் பூப்போட்ட கூடை, காதில் ஜிமிக்கி, கண்ணில் மை. அட்டைப்பூச்சிக்கும் ஈரத்துக்கும் எஸ்டேட்டுப் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற சாக்கு மட்டும் இல்லை. அவள் கையில் பிடித்திருந்த சங்கிலியின் மறுமுனையில் ஒரு லேப்ரடார் நாய், திருநெல்வேலியிலிருந்து யாரோ கொண்டுவந்தது, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. அதுதான் காக்காச்சி.

மேடைச் செல்லக்கிளி பேசினாள். மலையை விட்டு இறங்கி வந்தபோது தனக்கு ஒருவரும் இல்லை என்றாள். தன் கணவன் இந்த நாயைக் காப்பாற்றப்போய் யானையின் காலில் மிதிபட்டுச் செத்தான் என்றாள். பசியால் ஆற்றில் விழப்போன தன்னையும் நாயையும் இந்தப் பள்ளியின் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தார்கள் என்றாள். சொல்லிவிட்டுத் தாளாளரின் காலில் விழுந்து அழுதாள். அருமையாக அழுதாள். முன்வரிசையில் பல பேர் கைக்குட்டையை எடுத்தார்கள். 

காபி டிரம்மைப் பிடித்துக்கொண்டிருந்த செல்லக்கிளிக்கும் கண் கலங்கியது. பேச்சில் யானை வந்தபோது கலங்கியது நின்றுவிட்டது. சுடலைமணி ஒரு மஞ்சப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, பஸ் வருதா பாரு, பஸ் வருதா பாரு என்று கேட்டுக்கொண்டே போனவர். அந்தச் சாவு இவர்களுக்குப் போதவில்லையா என்று நினைத்தாள். முதன்முதலாக அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது? கூப்பிட்டுச் சொன்னாலும், செல்லக்கிளிதான் ஏற்கெனவே மேடையில் இருக்கிறாளே.

பொன்னாடை போர்த்தினார்கள். நாய்க்குப் பதக்கம் போட்டார்கள். மகேஸ்வரனுக்குப் பட்டம் கொடுத்தார்கள். அவர் குரல் தழுதழுக்க, “இந்த அம்மாவின் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்,” என்றார்.

பிறகு இறங்கி வந்தார். நேரே காபி இருந்த இடத்துக்கு வந்து கையை நீட்டினார். செல்லக்கிளி டம்ளரைக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“சீனி கொஞ்சம் தூக்கல். அடுத்தது கம்மியாப் போடும்மா,” என்றார்.

பக்கத்தில் நின்ற சுகன்யா மிஸ் செல்லக்கிளியைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தாள். “அக்கா…” என்றாள். 

பாத்திரங்களைக் கழுவி ஓட்டலில் சேர்த்துவிட்டு, செல்லக்கிளி வீட்டுக்குப் போகாமல் கால்வாய்க்கரைக்கு நடந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. காக்காச்சி விலா எலும்பு தெரிய, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் விழுந்து எழுந்து வந்து அவள் சேலையில் உதறியது. பிள்ளைகள் படித்துறையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“விழா எப்படி அத்தை?” என்று கேட்டாள் தேன்மொழி.

“நல்லா நடந்துச்சு. எனக்குப் பொன்னாடை போத்துனாவ.”

“நெசமாவா?”

“ஆமா. நான் மேடையில நின்னு அழுதேன். பொறவு கீழ நின்னு காபி ஊத்துனேன்.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். யானையை மட்டும் விட்டுவிட்டாள்.

“அப்ப நாங்க?” என்றான் ஃபாரிஸ்.

“நீங்களும் இருந்திய. ஒரு பொட்டப்பிள்ளையும் ஒரு பயலும் வந்து, நாங்கதான் மொதமொதல்ல இந்த நாயைக் கால்வாய்க்குக் கூட்டிட்டுப் போனோம்னு சொல்லிக் கப்பு வாங்குனிய. இங்கிலீஷ்ல நல்லாப் பேசுனிய.”

ஃபாரிஸ் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் விட்டெறிந்தான். காக்காச்சி அதன் பின்னாலேயே குதித்தது.

“அப்ப நாளைக்குக் கணக்குப் பரீட்சைக்கும் அவனுவளே போவட்டும்,” என்றான்.